பீரோவில் இருந்த பதினோரு பேர்

கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிங்கப்பா, புரிஞ்சுதுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கண்ணில் புரை எடுத்த பிறகு என் எழுத்து கொஞ்சம் மேலேயும் கீழேயும் போகிறது, பொறுத்துக்கொள். வருகிற ஜூனில் மல்லசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தை நீ பொறுப்பெடுக்கப் போகிறாய். பெங்களூரில் பயிற்சி எடுத்து, அங்கேயே ஏழு வருடம் மாண்டிசோரி வகுப்பு நடத்தியவள், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறாய். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ அனுப்பிய நான்கு பக்கத் திட்டத்தை மூன்று தரம் படித்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் உன் கையில் சாவியைக் கொடுக்க மனசு வரவில்லை.

"ஆசிரியர் வளர்ச்சியும் நலனும்" என்று தலைப்பு போட்டிருக்கிறாய். தினமும் ஒவ்வொருவருக்கும் ஓய்வு நேரம், மாதம் ஒரு சனிக்கிழமை யோகாவும் பயிற்சியும், மனம் விட்டுப் பேச சேலத்திலிருந்து ஒரு ஆலோசகர், தன் குறைகளைத் தானே எழுதிப் பார்க்க ஆளுக்கொரு நோட்டு. அந்த நோட்டுகளை மாதக் கடைசியில் நீ வாங்கிப் படித்து வழி சொல்வாய். எல்லாம் படிக்க அழகாகத்தான் இருக்கிறது. நான்காம் பக்கத்தின் அடியில் ஒரு வரி வருகிறது: "சான்றிதழ்கள் குறித்து இப்போதுள்ள நடைமுறையே தொடரும்." என் கண் அங்கே நின்றுவிட்டது. இப்போதுள்ள நடைமுறை என்ன என்று உனக்குத் தெரியும். நம்மிடம் வேலை செய்கிற பதினோரு ஆசிரியைகளின் ஒரிஜினல் சான்றிதழ்களும் என் அறையில் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. வருடத்தின் நடுவில் யாரும் விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது என்று சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டது. மூன்று பக்கம் அவர்கள் நலனை எழுதிவிட்டு நான்காம் பக்கத்தில் பீரோவைப் பூட்டியே வைத்திருக்கிறாய். நூலைப் போலச் சேலை என்பார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருந்தது.

நான் சந்தேகப் பிராணி என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. ஆனால் அது எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை, ரிக் வண்டி கற்றுக்கொடுத்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டில் நிற்கும், நான் இங்கே நிற்பேன். வண்டியோடு போனவன் போன் போட்டு, டீசல் தீர்ந்துபோச்சுங்க என்பான். குழிக்குள்ள ராடு மாட்டிக்கிச்சுங்க என்பான். நம்புவதா வேண்டாமா? நம்பியவர்கள் பாதிப் பேர் வண்டியை விற்றுவிட்டு உட்கார்ந்தார்கள். நான் நம்பவில்லை, அதனால் தப்பித்தேன். சீசன் நடுவில் ஆட்கள் அடுத்த வண்டிக்கு ஓடிவிடுவார்கள் என்று, வேலைக்கு வருகிறவர்களின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொள்வேன். அது இருக்கும் வரைக்கும் ஆள் இருப்பான். வண்டியை விற்றுப் பள்ளிக்கூடம் கட்டியபோது, புத்தியை மட்டும் விற்காமல் அப்படியே கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் வைத்தேன்.

மாண்டிசோரி என்று ஏன் போர்டு வைத்தேன் தெரியுமா? சேலத்தில் அந்தப் பெயருக்குப் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று உன் பெரிய மாமா சொன்னார், அவ்வளவுதான். சென்னையிலிருந்து சாமான் வரவழைத்தேன். இளஞ்சிவப்பு மரக்கட்டைகள், மணிச் சங்கிலிகள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் எல்லாம் வந்தன. வந்ததும் கண்ணாடி பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். பிள்ளைகள் தொட்டால் தொலைந்துபோகும், சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் பார்த்தால் போதும் என்பது என் கணக்கு. இதை நீ உன் பெங்களூர்க் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு வருடம் அந்த மரக்கட்டைகளைப் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள்.

அதற்கப்புறம்தான் கோமதி வந்தார். உனக்குத் தெரியும், இருந்தாலும் தெரியாதவளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான். ராசிபுரத்துக்காரர். அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி. பி.எட். முடித்துவிட்டு, சென்னையில் தங்கி மாண்டிசோரி டிப்ளமோவும் படித்தவர். நம் பள்ளிக்கூடத்தில் அந்தப் படிப்பைப் படித்த முதல் ஆள் அவர்தான். வந்த முதல் நாள் கண்ணாடி பீரோ முன்னால் நின்றார். "சாவி குடுங்க சார். பூட்டி வெச்சா புள்ளைங்க எப்படிங்க தொடும்?" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. வேலைக்கு வந்தவர் முதலில் கேட்பது சாவியா? கொடுத்தேன். ஆனால் அன்றைக்கே அவருடைய சான்றிதழ் பைலை வாங்கி இரும்பு பீரோவில் வைத்தேன். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர் செய்கிறதுதான் என்று அவருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில் என் கண்ணில் ஒன்று பட்டது. பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் பாயை விரித்து வேலை செய்கிறார்கள். கோமதி ஒரு மூலையில் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு நோட்டு. அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. இடையிடையே எதையோ எழுதுகிறார். மறுநாளும் அப்படியே. டீச்சர் என்றால் தொண்டை கட்டப் பேச வேண்டாமா? பிள்ளைகள் வேறு "அக்கா அக்கா" என்று கூப்பிடுகிறார்கள், பயம் எங்கிருந்து வரும்? தினமும் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். போதாது என்று கேமரா வைத்தேன். கரும்புக்குத் தண்ணீர் விடப் போகும்போதும் போனில் அந்த முக்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வேறு எங்கோ பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போகிறார், நம் பிள்ளைகளின் பெயர், முகவரி எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போகப் போகிறார். ஒரு சாயங்காலம் அவர் பஸ் ஏறிப் போன பிறகு அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

முகவரி ஒன்றும் இல்லை. ஒரு பையன் தண்ணீர் ஊற்றுகிற வேலையைப் பதினோரு தடவை செய்தான், சிந்தியதைத் தானே துடைத்தான், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தது. ஒரு பெண் குழந்தை மூன்று நாளாக எதையும் எடுக்காமல் சுற்றி வருகிறாள், வீட்டில் தம்பி பிறந்திருக்கிறான், அவசரப்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி: "சார் ஜன்னலில் நின்றார். ஆறு பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள்." இன்னும் நான்கு பக்கம் தள்ளி: "இன்று எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு முறை குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. எனக்குள் என்ன என்று பார்க்க வேண்டும்."

இங்கேதான் நான் செய்த முதல் பிழை. சந்தேகம் தீர்ந்தது என்று நோட்டை மூடி வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அடுத்த கூட்டத்தில் எல்லா ஆசிரியைகளுக்கும் முன்னால், பிள்ளைகளிடம் குரல் உயர்த்துகிறவர்கள் நம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், அவர்களே எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். கோமதி தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் நோட்டு எழுதினார். நானும் விடாமல் எடுத்துப் பார்த்தேன். பிள்ளைகளைப் பற்றி மட்டும் இருந்தது, தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டிருந்த ஒருத்தியை அந்த வேலையை விட்டே நிறுத்திவிட்டேன். நீ ஆளுக்கொரு நோட்டு கொடு, நல்லது. ஆனால் மாதக் கடைசியில் வாங்கிப் படிக்காதே. நீ படிப்பாய் என்று தெரிந்தால் அவர்கள் உனக்காக எழுதுவார்கள். அப்படி எழுதுகிற நோட்டில் தப்பும் இருக்காது, உண்மையும் இருக்காது.

இரண்டாவது பிழையை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நீ பெங்களூர் பயிற்சிக்குக் கிளம்பிய வாரம். கோமதி என் அறைக்கு வந்தார். அரசாங்க வேலை ஒன்றுக்கு எழுதியிருந்தாராம், பட்டியலில் பெயர் வந்திருக்கிறதாம். "வர்ற வெள்ளிக்கிழமை நாமக்கல்ல சர்டிபிகேட் சரிபார்ப்புங்க சார். ரெண்டு நாளைக்குக் குடுத்தீங்கன்னாப் போதும். திங்கக்கிழமை கொண்டாந்து உங்க கையிலயே குடுத்தர்றேனுங்க" என்றார். இத்தனை பிள்ளைகளை யார் பார்ப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்து, அரசாங்க வேலை என்பது சும்மா, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரன் கூப்பிட்டிருப்பான் என்று தோன்றியது. பீரோச் சாவியை உன் அம்மா மோகனூர் கொண்டுபோய்விட்டாள், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், வர நாலு நாளாகும் என்றேன். உன் அம்மா மோகனூர் போனது உண்மை. சாவி அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.  கோமதி, தானே மோகனூருக்குப் போய் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னொரு பொய் தேவைப்பட்டது, அதுவும் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எப்போதும் வருகிற பஸ்ஸில் வந்து இறங்கி வகுப்புக்குப் போனார். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சேலத்தில் பஸ் ஏற்றிவிட்டோம். உன் பைலை உன் மடியில் வைத்துவிட்டு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "சாமி, எந்த ஸ்கூலா இருந்தாலும் ஒரிஜினல மட்டும் கையில குடுத்துராத. கேட்டா ஜெராக்ஸ் குடு. ஒரிஜினல் போச்சுன்னா நீ அவங்க சொன்னபடிதான் ஆடோணும்" என்றேன். பஸ் போன பிறகு உன் அம்மா என்னைப் பார்த்தாள். அவள் மோகனூரிலிருந்து வந்ததும் கோமதி அவளிடம் சாவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நம்ம புள்ளைக்கு ஒரு நாயம், ஊரான் ஊட்டுப் புள்ளைக்கு ஒரு நாயமாங்க?" என்றாள். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்க வேண்டியிருந்தது. கடை கடையாக ஏறி இறங்கினோம், பைகளை அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நீ கேட்பாய், அப்படியும் கோமதி ஏன் போகவில்லை என்று. நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன். இவ்வளவு நடந்தும் சண்டை போடாமல் இருக்கிறார் என்றால் எதையோ மனசில் வைத்திருக்கிறார் என்று வருடக்கணக்கில் கவனித்தேன். போன வருடம் ஆண்டு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன், அந்த விஷயத்தில் என் மேல் கோபம் இல்லையா என்று. கோமதி நாற்காலியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "கோவம் இல்லாம இருக்குமுங்களா சார்? கோவத்தோட புள்ளைங்க முன்னாடி உக்கார முடியாது. அதனால ஊட்டுக்குக் கொண்டுபோயிருவேன். எங்கூட்டுக்காரரும் பசங்களுந்தான் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க." சொல்லிவிட்டு நாற்காலியை அடுக்கப் போய்விட்டார்.

கண்ணு, உன் திட்டத்தில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. மாண்டிசோரி டீச்சர் குரல் உயர்த்தக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது என்று நீங்கள் எல்லாரும் படித்துவிட்டு வருகிறீர்கள். அந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று யார் பார்த்தார்கள்? நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காட்டிய அன்பெல்லாம் நிஜம், டீச்சர் காட்டிய அன்பும் நிஜம், ஆனால் அதற்கான விலையை ராசிபுரத்தில் ஒரு வீட்டில் இரண்டு பையன்கள் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் வாயால் ஒத்துக்கொள்கிறவன் இல்லை என்பதால் எழுதி ஒத்துக்கொள்கிறேன். நான் செய்தது அநியாயம்.

அதனால் உன் திட்டத்தின் மற்ற பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமை யோகா என்கிறாய். சனிக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கிற நாள், ரேஷன் கடை நாள், அம்மா வீட்டுக்குப் போய்வருகிற நாள். அதை எடுத்துக்கொண்டு ஆரோக்கியம் கொடுக்கிறேன் என்றால் எடுத்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? பயிற்சி வேண்டும் என்றால் வேலை நாளில் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கொடு. ஆலோசகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் கூட்டிவந்த ஆளிடம் மனம் விட்டுப் பேச நான் டீச்சராக இருந்தால் பேச மாட்டேன், சாயங்காலமே தாளாளர் காதுக்குப் போய்விடும் என்று நினைப்பேன். ஓய்வு நேரம் என்று தாளில் போட்டால் ஆகாது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகளை விட்டுவிட்டுப் பாத்ரூமுக்குக் கூடப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உதவிக்கு இன்னொருவரைப் போடு, ஓய்வு தானாக வரும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்து பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, பெரியவர்கள் உட்காருகிற நாற்காலி ஒவ்வொரு அறையிலும் இருக்கட்டும். அப்புறம், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குடும்பம் என்று சொல்லிவிட்டால் லீவு கேட்கிறவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

இதையெல்லாம் எழுதியபோது, சொல்வதை விடச் செய்துவிட்டுச் சொல்வது மேல் என்று தோன்றியது. உன்னை நம்பாமல் செய்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். பொறுப்பு உன் கைக்கு வந்த பிறகு, சரி ஒரு வருடம் போகட்டும் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று சந்தேகம். கோடை விடுமுறையில் மரச் சாமான்களைத் துடைக்கவும் பாய்களைத் துவைத்துக் காய வைக்கவும் பதினோரு பேரும் இரண்டு நாள் வருவார்கள் அல்லவா, முந்தாநாள் அப்படி வந்திருந்தார்கள். பீரோவைத் திறந்து பைல்களை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒவ்வொருவராக வரச் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள், ஒருவேளை நன்றி கூடச் சொல்வார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தது ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பைலைக் கையில் கொடுத்ததும் முகம் வெளுத்துவிட்டது. "சார், நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டு அழ ஆரம்பித்தது. வேலையை விட்டு எடுத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டது. அழுகையைக் கேட்டு மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். பள்ளிக்கூடத்தை விற்றுவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். பாப்பா பெங்களூரிலிருந்து ஆள் கூட்டிவருகிறதா என்று இன்னொருவர் கேட்டார். இல்லை, உங்களுடையதை உங்களிடம் கொடுக்கிறேன் என்று நான் நாலு தரம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்புகிறாற்போல் தலையாட்டினார்கள், நான் ரிக் வண்டிக்காரர்களிடம் ஆட்டியது போலவே. கண்ணு, இத்தனை வருடமும் நான் ஒருவன்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கோமதி கடைசியாக வந்தார். பைலை வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு தாளாக எடுத்தார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பி.எட்., டிப்ளமோ. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒரிஜினலை நான் வைத்துக்கொண்டு கலர் ஜெராக்ஸ் கொடுக்கிறேனோ என்று பார்க்கிறார்.  அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஐந்தையும் பார்த்து முடித்துப் பைலில் வைத்தார். "எல்லாம் இருக்குதுங்க சார்" என்றார். ஜூனில் வருவீர்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார். பைலைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, பாதி துடைத்திருந்த மரக்கட்டைகளைத் துடைத்து முடிக்கப் போனார். சாயங்காலம் பஸ் ஏறினார்.

இப்போது பீரோ காலி. யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நீயும் போன் போட்டுக் கேட்காதே. ஜூன் முதல் நாள் காலையில் பஸ் வருகிற நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நில். பதினோரு பேரும் இறங்கலாம், இரண்டு பேர் இறங்கலாம்.  இத்தனை வருடம் பள்ளிக்கூடம் நடத்தியும் என்னிடம் ஒருவராவது விரும்பித்தான் வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும், விரும்பித்தான் வந்தார் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

சாவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன், வந்ததும் எடுத்துக்கொள்.

அப்பா